உழுதவள் கணக்கு

அடையாறு பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் ஒரு இயற்கைச் சந்தையில் ஆறு வருடமாகக் கடை போடுகிறேன். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்றரை ஏக்கர். கிச்சிலிச் சம்பா, தூயமல்லி, கொஞ்சம் கருப்புக் கவுனி, வரப்பில் உளுந்து, கொல்லையில் கீரையும் காயும்.

போன மாதம் மயிலாப்பூரிலிருந்து வழக்கமாக வரும் ஒரு அம்மா அரிசிப் பைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கவுனி இனிமே வேணாம்மா. ராத்திரியே ஊறப்போடணும், காலையில வேகவே முக்கால் மணி நேரம் ஆகுது. மாமனாருக்குத் தனியா கஞ்சி, பசங்களுக்கு டிபன், எட்டரைக்கு எனக்கு ஆபீஸ். ருசிக்கு ஒரு குறையும் இல்ல. செய்யத்தான் ஆள் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தவள் நான். கீரை கட்டி, வீட்டில் இருப்பவர்களுக்குச் சோறு வடித்து, குழம்பு வைத்து, மாட்டுக்குத் தீனி போட்டு, மூன்றரைக்கு வேன் ஏறினேன். விளைவித்த என் வீட்டிலும் ஆள் இல்லை, வாங்கிச் சாப்பிடும் அவர் வீட்டிலும் ஆள் இல்லை. இரண்டு வீட்டிலும் அந்த ஆள் ஒரு பெண்தான்.

இயற்கை விவசாயத்தைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். மண், விதை, நாட்டு மாடு, சான்றிதழ், சந்தை எல்லாம் பேசியாயிற்று. இந்த ஆள் இல்லாத கதையைப் பேசியதே இல்லை. எனக்குத் தெரிந்து நம்மில் சிலர் திரும்பவும் ரசாயனத்துக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். வேறு யார் கதையையும் சொல்லவில்லை. என் கதையையே சொல்கிறேன்.

களைக்கொல்லி வாங்கிய வருடம்

2022 ஐப்பசியில் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. எட்டு மாதம் படுக்கை. துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, மருந்து, கஞ்சி எல்லாம் நான்தான். சின்னவன் அப்போது இரண்டாம் வகுப்பு. வயலில் சம்பா களைக்கு நின்றது. ஊரில் களையெடுக்க ஆள் கிடைப்பதே பாடு. கிடைக்கிற நாலு பேரோடு ஐந்தாவது ஆளாக நான் இறங்கினால்தான் வேலை முடியும். நான் இறங்க முடியவில்லை. ஜீவாமிர்தம் கலக்க, மீன் அமிலம் வடிக்க, பூச்சிக்கு இலை இடித்து ஊறவைக்க யாரும் இல்லை.

பதினைந்து நாள் பார்த்தார் என் வீட்டுக்காரர். பதினாறாம் நாள் களைக்கொல்லி வாங்கி வந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நானே அவர் இடத்தில் இருந்தாலும் வாங்கியிருப்பேன். அந்த வருட நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை. வாடிக்கையாளர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, வியாபாரியிடம் வந்த விலைக்குத் தள்ளினோம்.

எங்களுக்குத் தொழில் தெரியாமல் போகவில்லை. மானியம் இல்லாமலும் தோற்கவில்லை. என் இரண்டு கை போதவில்லை, அவ்வளவுதான். அப்போதுதான் ஒன்று விளங்கியது. எங்கள் வயல் எட்டு வருடம் மருந்தில்லாமல் ஓடியதே அந்த இரண்டு கையில்தான். அதற்கு எந்த நோட்டிலும் கணக்கு இல்லை.

செலவில்லா விவசாயத்தின் செலவு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பார்கள். உழுதவள் கணக்குப் பார்த்தால் என்ன ஆகும்?

பயிற்சிகளில் கரும்பலகையில் எழுதுவோமே, 200 லிட்டர் ஜீவாமிர்தத்துக்குச் சாணம் 10 கிலோ, கோமியம், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு கைப்பிடி மண் என்று. வெல்லத்துக்கும் பயறுக்கும் விலை போடுவோம். சாணத்துக்கும் கோமியத்துக்கும் "நம்ம வீட்டு மாடு" என்று சுழி போடுவோம். அந்தச் சாணத்தை அள்ளியது யார்? காலையும் மாலையும் கிண்டிவிட்டது யார்? பஞ்சகவ்யத்தைப் பதினைந்து இருபது நாள் மறக்காமல் கலக்கியது யார்? விதை நெல்லைக் காயவைத்து, புடைத்து, நொச்சியும் வேம்பும் போட்டுக் கட்டி வைத்தது யார்? எல்லா வீட்டிலும் பெண்கள்தான் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான வீட்டில் யார் என்று உங்களுக்கே தெரியும்.

கடையில் வாங்கும் இடுபொருளை நிறுத்தினோம். நல்லதுதான். ஆனால் கடை செய்துகொண்டிருந்த வேலை எங்கே போயிற்று? வீட்டுக்குள் வந்தது. வீட்டுக்குள் வந்த வேலை, ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்பவள் தலையில் விழுந்தது.

ஏற்கெனவே அவளுக்கு எவ்வளவு வேலை என்பதற்கு மத்திய அரசே 2019இல் நாடு முழுவதும் கணக்கு எடுத்திருக்கிறது. யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் செலவிடுகிறார்கள் என்ற நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆணுக்கு 97 நிமிடம். அதிலும் ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அந்த வேலையில் கையே வைத்தார்கள். குழந்தை, முதியவர், நோயாளியைப் பார்த்துக்கொள்வது இதில் சேராது, அது தனி. மாட்டுத் தொழுவமும் சேராது, அதற்கும் வேறு தலைப்பு. 2024இல் திரும்ப எடுத்தார்கள். பெண்ணுக்கு 289 நிமிடம், ஆணுக்கு 88. ஐந்து வருடத்தில் நமக்குப் பத்து நிமிடம் மிச்சம், அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சம்!

தியாகராய நகர் சொல்லும் பாடம்

இந்த வேலையை அரசு குறைக்க முடியுமா? முடியும். தமிழ்நாட்டில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். அதன் பல தடயங்கள் நான் கீரை விற்கப் போகும் தென்சென்னைத் தெருக்களிலேயே இருக்கின்றன.

புடவை வாங்க தி.நகர் போகாதவர்கள் நம்மில் குறைவு. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் பிட்டி தியாகராயர், நீதிக்கட்சித் தலைவர். அவர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கினார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. சில வருடத்தில் அது நின்றுபோனது. பிறகு 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர். என்று வளர்ந்தது. பிள்ளை பள்ளிக்கு வரவேண்டும், பசியாற வேண்டும் என்பதற்காகத்தான் செய்தார்கள். ஆனால் லட்சக்கணக்கான தாய்மார்களின் ஒரு வேளைச் சமையலும் அதோடு குறைந்தது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2013 பிப்ரவரியில் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமில் முதல் அம்மா உணவகத்தை ஜெயலலிதா திறந்தார். ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம். சமைத்தவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். வீட்டுக்குள் காசில்லாமல் நடந்த அதே வேலைக்கு அங்கே சம்பளம். 2025 ஆகஸ்ட் 26 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தியதும் மயிலாப்பூரில்தான், புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில். 2,429 பள்ளிகள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு அந்தத் திட்டம் இரண்டு வருடம் முன்னாலேயே, 2023 ஆகஸ்டில் வந்துவிட்டது. சின்னவன் மூன்றாம் வகுப்பு. காலை டிபன் பள்ளியில் என்றானதும் எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில்தான் ஜீவாமிர்தத் தொட்டியைக் கழுவித் திரும்பக் கலக்க ஆரம்பித்தேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே ஆள் வந்து மாமியாருக்கு நடக்கப் பயிற்சி கொடுத்தார்கள். அவர் எழுந்து உட்கார்ந்தார். அந்த வருடச் சம்பாவை மருந்தில்லாமல் அறுத்தோம். எங்கள் வயலைத் திரும்ப இயற்கைக்குக் கொண்டுவந்ததில் ஒரு கிண்ணம் உப்புமாவுக்கும் பங்கு உண்டு. இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

நம்மில் சிலர் கேட்கிறார்கள்: "காலைச் சாப்பாட்டையும் பள்ளிக்கூடத்தில் போட்டால் தாய் கைப்பக்குவம் என்ன ஆவது?" நம் கண்காட்சிகளில் ஆட்டுக்கல்லையும் அம்மியையும் அலங்காரம் பண்ணி வைத்துப் பாட்டி காலத்தைப் புகழ்கிறோம். பாட்டி சாப்பாடு நல்ல சாப்பாடுதான். ஆனால் அந்தப் பாட்டியைக் குழவி பிடித்த கையோடு யாராவது கேட்டார்களா, உனக்கு இது சந்தோஷமா என்று? எங்கள் வீட்டுக்கு அரசு கிரைண்டர் வந்த அன்று என் மாமியார் அதற்குக் குங்குமம் வைத்தார்.

இலவசம் என்று யார் சொல்வது?

2011இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது "இலவசத்தால் நாடு கெட்டது" என்றார்கள். அரசு நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றதும் "ஓசிப் பயணம்" என்றார்கள். உழவர் கூட்டத்திலேயே இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

நம்மைப் பார்ப்போம். பவர் டில்லர் வாங்கினால் மானியம். நம் பம்புசெட்டுக்கு மின்சாரம் காசில்லாமல் வருகிறது. அதை நாம் இலவசம் என்பதில்லை, உரிமை என்கிறோம். சரிதான், உரிமைதான். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்த வரலாறு நமக்கு உண்டு. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு மின்சாரம் உரிமை என்றால், மாவாட்டுகிற மோட்டார் மட்டும் எப்படி இலவசம் ஆகும்? இரண்டும் உடம்பு நோகச் செய்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றியதுதானே?

ஆயிரம் ரூபாய் போதுமா?

கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கினார்கள். முதலிலேயே ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள் என்ற வரம்பு இருப்பதால் நம் சிறு உழவர் வீடுகளும் இதில் வரும். உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது பெரிய விஷயம். பெண் வீட்டில் செய்வதும் உழைப்புதான் என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்தில் நான் மாட்டுக்குத் தவிடு வாங்கியிருக்கிறேன், மகளுக்குப் புத்தகம் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆயிரத்தை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 33 ரூபாய். ஐந்து மணி நேர வீட்டு வேலைக்குப் பிரித்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. தொகையைக் கூட்டிக் கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாயிரம் கொடுத்தாலும் என் மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்க அந்தப் பணம் வராது. பணம் வேலையை மதிக்கிறது, குறைப்பதில்லை. காலை உணவு குறைக்கிறது. இரண்டும் வேண்டும். ஆனால் தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியும் தொகையைத்தான் ஏலம் விடுகிறார்கள். வேலையைக் குறைப்பதைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஒருத்தி தலையிலிருந்து இறக்கிய பாரம் இன்னொருத்தி தலையில் ஏறினால் அது விடிவு இல்லை. மயிலாப்பூரிலும் அடையாறிலும் வசதியான வீடுகளில் பாத்திரம் தேய்த்து, சமைத்து, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களில் பலர் கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கம் இருந்து கட்டணமில்லாப் பேருந்தில் வருகிறார்கள். சந்தை முடிகிற நேரத்தில் என்னிடம் மிச்சக் கீரை வாங்கும் ஒரு அக்காவும் அப்படித்தான். அவர் விடியற்காலை கிளம்பிவிட்டால் தம்பி தங்கையைக் குளிப்பாட்டி அனுப்புவது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மூத்த பெண். எங்கள் ஊர்ப் பள்ளியிலும் விடியுமுன் வந்து காலை உணவு சமைக்கும் பெண்ணுக்குச் சொந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவில் 2020 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. வட்டாரத்துக்கு ஒரு பொது இடம். பெண்கள் துணி மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால் அங்கேயே துவைத்துத் தருகிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் அந்தப் பெண் படிக்கலாம், ஒரு தொழில் பழகலாம், சும்மாவும் உட்காரலாம். ஆண்களுக்கு வீட்டு வேலை கற்றுத்தரும் வகுப்பும் உண்டாம். அங்கே முடிகிறது என்றால், நூறு வருடம் முன்னாலேயே பள்ளியில் சோறு போட்ட சென்னையில் ஏன் முடியாது?

அரசிடம் கேட்போம்

ஒன்று, பால்வாடி நேரம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள் ஆறரை மணிக்கு வயலில் நிற்கவேண்டும். பால்வாடி அதற்கு அப்புறம்தான் திறக்கிறது. வேலை நெருக்கும் மாதங்களிலாவது காலை ஆறு மணிக்குத் திறக்கட்டும், கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஆளும் சம்பளமும் கொடுத்து. ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வேலையிடத்துக்கு வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்கவேண்டும் என்று 2005ஆம் வருட நூறு நாள் வேலைச் சட்டமே சொன்னது. அந்த யோசனையை விவசாய வேலைக்கும் கொண்டுவரலாம்.

இரண்டு, காலை உணவில் வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூரில் விளையும் சிறுதானியம் சேர்க்கவேண்டும் என்று 2022இல் அரசு ஆணையே சொல்லியிருக்கிறது. அதை அந்தந்த வட்டார இயற்கை உழவர் குழுக்களிடம் நேரடியாக வாங்கட்டும். தோல் நீக்கி, கல் பொறுக்கி, உடனே சமைக்கும் பக்குவத்தில் கொடுக்கும் சிறு ஆலைகளைப் பெண்கள் குழுக்களுக்கு அமைத்துக் கொடுக்கட்டும். நமக்குச் சந்தை, பிள்ளைகளுக்கு நல்ல சோறு, சமைப்பவர்களுக்கு வேலை மிச்சம். சமைக்கும் பெண்களுக்கு மதிப்பான சம்பளம் இல்லாமல் இதில் எதுவும் சரியாகாது.

மூன்று, இடுபொருள். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்தில் பத்தாயிரம் இடுபொருள் மையங்கள் என்று அறிவித்தார்கள். ஜீவாமிர்தமும் பூச்சிவிரட்டியும் அங்கே கூலிக்குத் தயாராகட்டும், நியாய விலைக்குக் கிடைக்கட்டும். மாடு இல்லாத வீட்டுக்கும், என்னைப் போல் படுக்கையில் ஒருவரை வைத்திருக்கும் வீட்டுக்கும் அதுதான் ரசாயனக் கடைக்கு மாற்று.

நான்கு, ஊராட்சிக்கு ஒரு முதியோர் பகல் வீடு. காலையில் கொண்டுவிட்டு மாலையில் அழைத்து வரலாம். கஞ்சி, மருந்து, பேச்சுத்துணை. எங்கள் வீட்டில் இரண்டாவது முறை யாராவது விழுந்தால் நான் திரும்பவும் களைக்கொல்லிக் கடை வாசலில் நிற்காமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இது.

நம்மிடமும் கேட்போம்

அரசிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போனால் அது பாதி நியாயம். நம் விதைத் திருவிழாக்களை நினைத்துப் பாருங்கள். மேடையில் யார்? பின்னால் கொட்டகையில் முந்நூறு பேருக்கு மாப்பிள்ளைச் சம்பா வடித்துக்கொண்டிருப்பவர்கள் யார்? ஒரு வருடம் மாற்றிப் பார்ப்போம். ஆண்கள் சமைக்கட்டும், பெண்கள் விதையைப் பற்றிப் பேசட்டும். விதை காத்தவர்கள் அவர்கள்தானே. பயிற்சி முகாம் நடத்தினால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு இடம், ஒரு ஆள் வையுங்கள். இல்லாவிட்டால் "குடும்பத்தோடு வாருங்கள்" என்று அழைப்பிதழில் அச்சடிப்பதற்கு அர்த்தமில்லை.

விலையும் அப்படித்தான். செலவு போடும்போது வீட்டுப் பெண்ணின் மணி நேரத்தையும் ஊர்க் கூலி விலையில் எழுதுங்கள். வாங்குகிறவர்கள் கேட்டால் நோட்டைக் காட்டலாம். அந்த மயிலாப்பூர் அம்மாவுக்கு நான் இப்போது கவுனியை ஊறவைத்து, உலர்த்தி, உடைத்துக் கஞ்சி ரவையாகக் கொடுக்கிறேன். பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடுகிறதாம். கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூட. ஏன் கூட என்று கேட்டார். "உங்க முக்கால் மணி நேரத்தை எங்க வீட்ல செய்யறோம்மா, அதுக்குக் கூலி" என்றேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

அந்த ரவையை உடைப்பது என் வீட்டுக்காரர். இது நானாகக் கேட்டு வாங்கியது. தொட்டியைக் கலக்குவதும் இப்போது அவர்தான். எங்கள் நோட்டில் உரம், உழவு, அறுப்பு என்ற வரிகளுக்குக் கீழே "வீட்டு ஆள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். போன சம்பாவுக்கு என் பெயரில் ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் வந்தது. அதைக் கூட்டிப் பார்த்த அன்றைக்கு அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

உங்கள் நோட்டிலும் அந்த வரியை ஒரு பருவத்துக்கு எழுதிப் பாருங்கள். அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள். அரசிடம் கொடுக்கும் மனுவில் நம் கணக்கும் இருக்கட்டும்.